ஏ.பி. கவர்ன்மென்ட் வகுப்புக்கு முந்தைய கோடை: எதை, எந்த வரிசையில் படிப்பது?

கேள்வி: என் மகள் நியூ ஜெர்சியில் பத்தாம் வகுப்பை முடித்திருக்கிறாள். செப்டம்பரில் பதினோராம் வகுப்பில் ஏ.பி. யு.எஸ். கவர்ன்மென்ட் பாடம் (பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தப்படும் அமெரிக்க அரசாட்சிப் பாடம்) எடுக்கப் போகிறாள். விடுமுறையில் படித்து வரும்படி பள்ளியில் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள்: அமெரிக்க அரசமைப்புச் சட்டம் முழுவதும், ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் 10, 51, மார்ட்டின் லூதர் கிங் எழுதிய பர்மிங்ஹாம் சிறைக் கடிதம், இவற்றோடு ஐந்து செய்திக் கட்டுரைகளுக்கு ஒரு பக்கக் குறிப்பு. கணக்கில் கெட்டிக்காரியான அவள், ஃபெடரலிஸ்ட் 10-ஐ இரண்டு பக்கம் படித்துவிட்டு மூடி வைத்துவிட்டாள். சாட்ஜிபிடியிடம் சுருக்கம் வாங்கி வைத்திருக்கிறாள். தெரிந்தவர்கள் இரண்டு கைடு வாங்கச் சொல்கிறார்கள், ஆன்லைன் கோச்சிங்கிலும் சேர்க்கச் சொல்கிறார்கள். ஜூலையிலிருந்து ஐந்து வாரம் கும்பகோணத்தில் இருப்போம். நானும் கணவரும் தமிழ்நாட்டில் படித்தவர்கள். இந்நாட்டு அரசியல் எங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. கிரீன் கார்டுக்குக் காத்திருப்பதால் வீட்டில் அரசியல் பேசுவதும் இல்லை. அவளுக்கு எப்படி உதவலாம்?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

கைடும் கோச்சிங்கும் இப்போது வேண்டாம். இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: கோடையில் கைடைப் படித்து முடித்துவிட்டு வரும் மாணவர்களுக்குச் செப்டம்பரில் ஏராளமான சொற்கள் தெரிந்திருக்கும், அவற்றை வைத்து ஒரு வாதத்தைக் கட்டத் தெரியாது. தேர்வு மே மாதத்தில்தான் வருகிறது. கைடு தேவைப்பட்டால் பிப்ரவரியில் வாங்கிக்கொள்ளலாம். அப்போது அவளுக்கே எந்தப் பகுதியில் தான் பலவீனம் என்பது தெரிந்திருக்கும். தெரிந்தவர்களின் பிள்ளைகள் பயன்படுத்திய பழைய கைடை இலவசமாகத் தருகிறார்கள் என்றாலும் பதிப்பாண்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கட்டாயமாகப் படிக்க வேண்டிய உச்ச நீதிமன்ற வழக்குகள் முன்பு 15 இருந்தன. 2022-இல் டாப்ஸ் தீர்ப்பு, கருக்கலைப்பு உரிமையைத் தந்த ரோ எதிர் வேட் வழக்கின் தீர்ப்பை ரத்து செய்த பிறகு அந்த வழக்கு பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு 14 ஆகிவிட்டது.

தேர்வு எதைக் கேட்கிறது என்பது தெரிந்தால் கோடையில் எதைச் செய்ய வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும். 80 நிமிடத்தில் 55 கொள்குறி வினாக்கள். அதற்குப் பாதி மதிப்பு. மீதிப் பாதி, 100 நிமிடத்தில் எழுத வேண்டிய நான்கு விடைகளுக்கு: ஒரு சூழலைக் கொடுத்து அதில் பாடக் கருத்தைப் பொருத்தச் சொல்லும் வினா ஒன்று, வரைபடத்தையோ அட்டவணையையோ கொடுத்து விளக்கச் சொல்லும் வினா ஒன்று, மாணவர் முன்பின் பார்த்திராத ஒரு வழக்கைக் கொடுத்துக் கட்டாய வழக்கு ஒன்றோடு ஒப்பிடச் சொல்லும் வினா ஒன்று, கடைசியாக ஒரு வாதக் கட்டுரை. அந்தக் கட்டுரையில் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்பதற்கு மதிப்பெண் கிடையாது. நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொன்னாளா, கட்டாய ஆவணங்களிலிருந்து சான்று காட்டினாளா, அந்தச் சான்று எப்படித் தன் நிலைப்பாட்டைத் தாங்குகிறது என்று விளக்கினாளா, எதிர்த்தரப்பின் வாதத்துக்கு மறுமொழி சொன்னாளா என்பதற்கே மதிப்பெண். ஆவணத்தின் வாசகம் தேர்வறையில் தரப்படாது. அது அவள் தலைக்குள் இருக்க வேண்டும். அப்படி இருக்க வேண்டிய ஆவணங்கள் மொத்தம் ஒன்பது: சுதந்திரப் பிரகடனம், கூட்டமைப்பு விதிகள், அரசமைப்புச் சட்டம், ஃபெடரலிஸ்ட் 10, 51, 70, 78, புரூட்டஸ் 1, பர்மிங்ஹாம் கடிதம்.

பள்ளி கொடுத்த பட்டியல் நல்ல பட்டியல். அதில் ஒரே ஒரு குறை உண்டு. ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள், புதிய அரசமைப்புச் சட்டத்தை ஏற்பதா வேண்டாமா என்ற சண்டையில் ஆதரவுத் தரப்பு பேசிய பேச்சு. மறுதரப்பு பேசியது என்ன என்று தெரியாமல் அவற்றைப் படிப்பவருக்கு, யாருக்கோ எதற்கோ விடை சொல்லிக்கொண்டிருப்பதாகத்தான் தோன்றும். உங்கள் மகள் இரண்டு பக்கத்தில் மூடி வைத்ததற்கு அவளுடைய ஆங்கிலம் காரணமல்ல என்று நினைக்கிறேன். ஆகவே பட்டியலோடு, எதிர்த்தரப்பின் கட்டுரையான புரூட்டஸ் 1-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை ஃபெடரலிஸ்ட் 10-க்கு முன்னால் வையுங்கள். வெளியான வரிசையும் அதுவேதான்: புரூட்டஸ் 1787 அக்டோபர் 18-இல், மேடிசன் எழுதிய ஃபெடரலிஸ்ட் 10 அதே ஆண்டு நவம்பர் 22-இல், இரண்டும் நியூயார்க் பத்திரிகைகளில்.

ஆனால் முதலில் அரசமைப்புச் சட்டம். திருத்தங்களைச் சேர்க்காத மூல வாசகம் ஏறத்தாழ 4,500 சொற்கள்தான். இந்திய அரசமைப்புச் சட்டத்தின் பருமனை நினைத்துப் பயப்பட வேண்டாம். கணினித் திரையில் படிக்காமல் அச்செடுத்து, கையில் பென்சிலோடு, மூன்று அமர்வுகளில் படிக்கட்டும். முதல் அமர்வு முழுவதும் பிரிவு ஒன்றுக்கு, அதாவது செனட், பிரதிநிதிகள் சபை என்ற இரண்டு அவைகள் கொண்ட அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு. ஏழு பிரிவுகளில் அதுதான் மிக நீளமானது. அதிபர் பதவியைப் பற்றிய இரண்டாம் பிரிவு அதைவிட எவ்வளவு சிறியது என்பதை அவளே கவனித்து, ஏன் அப்படி என்று கேட்டால் பாதிப் பாடம் முடிந்தது. இரண்டாம் அமர்வு 2 முதல் 7 வரையிலான பிரிவுகளுக்கு, மூன்றாம் அமர்வு 27 திருத்தங்களுக்கு. இடையில், இன்று செல்லாத வாசகங்கள் வரும்: அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிட்ட விதி, செனட்டர்களை மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுக்கும் என்ற விதி போன்றவை. எந்தத் திருத்தம் எந்த வாசகத்தை மாற்றியது என்பதை ஓரத்தில் குறித்துக்கொண்டே போக வேண்டும். காங்கிரஸ் நூலகம் நடத்தும் விளக்கவுரைப் பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தேசிய அரசமைப்பு மையத்தின் தளத்திலோ ஒரே விதிக்கு வெவ்வேறு பார்வை கொண்ட இரண்டு அறிஞர்கள் எழுதிய விளக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

பிரிவு ஒன்றில் எட்டாம் உட்பிரிவை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொல்லுங்கள். வரி விதிப்பது, கடன் வாங்குவது, மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்துவது, நாணயம் அடிப்பது, போர் அறிவிப்பது என்று காங்கிரஸின் அதிகாரங்கள் ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். அந்த வரிசையின் கடைசியில், மேற்சொன்னவற்றை நிறைவேற்றத் தேவையான, தகுந்த எல்லாச் சட்டங்களையும் இயற்றலாம் என்று ஒரு வரி இருக்கும். பட்டியல் போட்டு அதிகாரத்தை அளந்து கொடுத்தவர்கள் கடைசியில் கதவைத் திறந்து வைத்தார்களா, அல்லது அந்தக் கடைசி வரியும் பட்டியலுக்குள் அடங்கியதுதானா? புரூட்டஸ் 1787-இல் கிளப்பிய கேள்வி இதுதான். மேரிலாந்து மாநிலம் தேசிய வங்கியின் மீது வரி போட்டபோது, 1819-இல் மெக்கல்லக் வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்த்து வைத்த கேள்வியும் இதுதான். இந்த ஒரு வரியைப் பென்சிலால் வட்டமிட்டுக் கொண்டு வரும் மாணவருக்கு முதல் இரண்டு மாதப் பாடம் எளிதாக இருக்கும்.

கூட்டமைப்பு விதிகளை முழுவதும் படிக்கத் தேவையில்லை. அரசமைப்புச் சட்டத்துக்கு முன்பு, 1781-இல் நடைமுறைக்கு வந்த அந்த ஏற்பாட்டில் மைய அரசுக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை, முக்கியச் சட்டங்களுக்கு 13 மாநிலங்களில் 9 சம்மதிக்க வேண்டும், விதிகளைத் திருத்துவதற்கோ 13-ம் சம்மதிக்க வேண்டும். 1786-இல் மாசசூசெட்ஸ் விவசாயிகள் கடன் நெருக்கடியில் ஷேஸ் என்பவரின் தலைமையில் கிளர்ந்தெழுந்தபோது மைய அரசால் ஒரு படையைக்கூடத் திரட்ட முடியவில்லை. இவ்வளவு தெரிந்தால் மேற்கொண்டு நகரலாம்.

இப்போது புரூட்டஸ். நியூயார்க்கைச் சேர்ந்த ராபர்ட் யேட்ஸ் என்ற நீதிபதிதான் இந்தப் புனைபெயரில் எழுதினார் என்பது பரவலான கருத்து. அவருடைய வாதம் எளிமையானது. இவ்வளவு பெரிய நிலப்பரப்பில், இவ்வளவு வேறுபட்ட பழக்கவழக்கங்களும் தொழில்களும் உள்ள மக்களை ஒரே குடியரசாக ஆள முடியாது. பிரதிநிதிகள் எண்ணிக்கையில் குறைவாகவும் தொலைவிலும் இருப்பார்கள். மக்களுக்கு அவர்களைத் தெரியாது, அவர்களுக்கும் மக்களைத் தெரியாது. ‘தேவையான, தகுந்த’ என்ற வரியும் மைய அரசின் சட்டமே மேலானது என்ற விதியும் சேர்ந்து மாநில அரசுகளை நாளடைவில் விழுங்கிவிடும். கொடுத்த அதிகாரத்தை மக்கள் பிறகு பலப்பிரயோகமின்றித் திரும்பப் பெறுவது அரிது. தோற்றுப்போன தரப்பின் வாதம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 30,000 பேருக்கு ஒருவருக்கு மேல் பிரதிநிதிகள் இருக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டம் வரம்பு வைத்தது. அந்த விகிதமே மிகக் குறைவு என்று புரூட்டஸ் தரப்பினர் குறைப்பட்டார்கள். 2020 கணக்கெடுப்பின்படி பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒருவருக்குச் சராசரியாக 7,60,000 பேருக்கு மேல். கணக்கில் ஆர்வமுள்ள பெண் என்கிறீர்களே, இந்த விகிதத்தை அவளையே வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்; புரூட்டஸை அதன் பிறகு மறக்க மாட்டாள்.

இதைப் படித்த மறுநாள் ஃபெடரலிஸ்ட் 10. ஏறக்குறைய 3,000 சொற்கள். வாக்கியங்கள் நீளமானவை, ஆனால் கட்டுக்கோப்பு ஒரு ஜியாமெட்ரி நிரூபணத்தைப் போன்றது, ஆகவே அவளுக்குப் பிடிக்க வாய்ப்புண்டு. மேடிசன் முதலில் வரையறையைச் சொல்கிறார்: பிற குடிமக்களின் உரிமைக்கோ, சமூகத்தின் நிலையான பொது நலனுக்கோ எதிராக, ஏதோ ஓர் ஆவேசத்தாலோ நலத்தாலோ ஒன்று சேர்ந்த கூட்டமே கோஷ்டி, அது சிறுபான்மையாகவும் இருக்கலாம், பெரும்பான்மையாகவும் இருக்கலாம். அடுத்து இரண்டு கிளைகள்: கோஷ்டியின் காரணத்தை ஒழிப்பது, அல்லது அதன் விளைவைக் கட்டுப்படுத்துவது. காரணத்தை ஒழிக்க மேலும் இரண்டு கிளைகள்: சுதந்திரத்தை அழிப்பது, அல்லது எல்லோரையும் ஒரே கருத்தும் ஒரே நலனும் கொண்டவர்களாக ஆக்குவது. முதலாவது, நெருப்பு வேண்டாமென்று காற்றையே ஒழிப்பதற்குச் சமம் என்கிறார். இரண்டாவது, மனித இயல்பு இருக்கும் வரை நடக்காது. சொத்து சமமின்றிப் பிரிந்து கிடப்பதுதான் கோஷ்டிகளுக்கு மிகச் சாதாரணமான, மிக நீடித்த ஊற்று என்கிறார். ஆகவே விளைவைத்தான் கட்டுப்படுத்த வேண்டும். சிறுபான்மைக் கோஷ்டியை வாக்கெடுப்பு தோற்கடித்துவிடும். பெரும்பான்மையே கோஷ்டியாகிவிட்டால் என்ன செய்வது? கட்டுரையின் உண்மையான கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. உங்கள் மகள் மூடி வைத்த இடம் அநேகமாக இதற்கு முந்தையதாக இருக்கும்.

இந்தக் கிளைகளை ஒரு தாளில் மரமாக வரைந்து, ஒவ்வொரு கிளையும் எந்தப் பத்தியில் வருகிறது என்று எண் போடட்டும். கடைசிக் கிளையில் இரண்டு விடைகள் இருக்கும். ஒன்று, மக்கள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் வழியாகப் பொதுக் கருத்து வடிகட்டப்படுகிறது. மற்றது, நாடு பெரிதாகப் பெரிதாக நலன்களும் கட்சிகளும் பெருகுவதால், பிறர் உரிமையைப் பறிக்கும் நோக்கத்தில் ஒரு பெரும்பான்மை ஒன்று சேர்வதும் சேர்ந்து செயல்படுவதும் கடினமாகிறது. பெரிய நாடு குடியரசுக்கு ஆகாது என்று புரூட்டஸ் எதைக் குறை சொன்னாரோ, அதையே மேடிசன் மருந்தாக ஆக்கிவிடுகிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தவருக்கு மட்டுமே இந்தத் திருப்பம் கண்ணில் படும்.

சாட்ஜிபிடி சுருக்கத்தைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தச் சுருக்கம் பெரும்பாலும் தவறாக இருக்காது. ‘பெரிய குடியரசு கோஷ்டிகளைக் கட்டுப்படுத்தும் என்று மேடிசன் வாதிட்டார்’ என்று அது சொல்லியிருக்கும். அந்த வரியை எழுதினால் சான்றைக் குறிப்பிட்டதற்கு ஏதாவது கிடைக்கும். ‘ஏன் கட்டுப்படுத்தும்’ என்ற விளக்கத்துக்கு ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் சுருக்கத்தில் முடிவு மிஞ்சுகிறது, காரணச் சங்கிலி உதிர்ந்துவிடுகிறது. நான் தடை விதிக்கச் சொல்லவில்லை. முதலில் மூலத்தைப் படித்து மரத்தை வரையட்டும். பிறகு சுருக்கத்தை எடுத்து, அதில் எந்தக் கிளை விடுபட்டிருக்கிறது என்று சிவப்பு மையால் குறிக்கட்டும். ஒரு வாக்கியம் மட்டும் புரியவில்லை என்றால் அந்த ஒரு வாக்கியத்தைக் கொடுத்து விளக்கம் கேட்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பள்ளி என்ன விதி வைத்திருக்கிறது என்பதை மட்டும் பாடத்திட்டத்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். பல ஆசிரியர்கள் இதில் கண்டிப்பானவர்கள்.

ஃபெடரலிஸ்ட் 51 எளிது. மனிதர்கள் தேவர்களாக இருந்தால் அரசாங்கமே வேண்டியதில்லை என்ற புகழ்பெற்ற இடம் இதில்தான் வருகிறது. பதவியாசையைப் பதவியாசையால் தடுக்க வேண்டும் என்ற கருத்தைப் படித்ததும், அரசமைப்புச் சட்டத்துக்குத் திரும்பிப் போய், அதிபரின் தடுப்பதிகாரம் (வீட்டோ), மூன்றில் இரண்டு பங்கால் அதை மீறும் காங்கிரஸின் அதிகாரம், நீதிபதி நியமனத்துக்கு செனட்டின் ஒப்புதல் ஆகிய மூன்றையும் கண்டுபிடித்து அடிக்கோடிட்டால் போதும். 70, 78 இரண்டையும் வகுப்புக்கு விட்டுவிடலாம்.

பர்மிங்ஹாம் கடிதத்துக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். 1963 ஏப்ரல் 12, புனித வெள்ளியன்று கிங் கைது செய்யப்பட்டார். ஏப்ரல் 16 தேதியிட்ட இந்தக் கடிதம், இனப் பிரிவினைக்கு எதிரான போராட்டத்தைக் கண்டித்து அலபாமாவின் எட்டு வெள்ளையின மதத் தலைவர்கள் வெளியிட்ட அறிக்கைக்கு மறுமொழி. அறிக்கை ஒரு பக்கம்தான். அதை முதலில் படித்தாக வேண்டும். கடிதத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் பிரசங்க மேடையில் பழகிய மனிதரின் நடை அது. பொறுத்திருங்கள் என்ற அறிவுரைக்கு அவர் விடை சொல்லும் நீண்ட வாக்கியம் காதில் விழும்போதுதான் அதன் கனம் தெரியும். அங்கேயே உணர்ச்சிவசப்பட்டு நின்றுவிடாமல், நீதியான சட்டத்துக்கும் அநீதியான சட்டத்துக்கும் அவர் வைக்கும் அளவுகோல்களை அவள் தனியே எழுத வேண்டும். பெரும்பான்மை தன்னைக் கட்டுப்படுத்தாமல் சிறுபான்மையை மட்டும் கட்டுப்படுத்தும் சட்டம் அநீதியானது. வாக்குரிமை மறுக்கப்பட்டவர்களின் மீது, அவர்களுக்குப் பங்கில்லாத சட்டமன்றம் சுமத்தும் சட்டம் அநீதியானது. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குக் கீழ்ப்படியுங்கள் என்று கேட்கும் நீங்களே சட்டத்தை மீறலாமா என்ற கேள்வியையும் அவரே எழுப்பி விடை சொல்கிறார்.

இங்கே ஒரு நுட்பமான இணைப்பு இருக்கிறது. நாடு சிறிதாக இருந்தால் ஒரே பெரும்பான்மை ஒன்று சேர்ந்து மற்றவர்களை ஒடுக்குவது எளிது என்று மேடிசன் 1787-இல் எச்சரித்தார். அலபாமாவில் நடந்தது அதுதான்: ஒரு மாநிலத்துக்குள், மற்றவர்களின் வாக்கை மறுத்துப் பெரும்பான்மையான ஒரு கூட்டம். அப்படிப் பார்த்தால் கிங்கின் கடிதம் புரூட்டஸுக்கு எதிரான சான்று. ஆனால் அதே தேசிய அரசு எத்தனை பத்தாண்டுகள் அதைக் கண்டும் காணாமல் இருந்தது என்று கேட்டால், மேடிசனின் மருந்தும் முழு மருந்தல்ல என்றாகிறது. பதினைந்து, பதினாறு வயதில் ஒரு மாணவி இந்த இரண்டு பக்கத்தையும் ஒரே கட்டுரையில் எழுதிவிட்டால் அவளுடைய ஆசிரியருக்கு அன்று நல்ல நாள்.

வழக்குகள் உங்கள் பட்டியலில் இல்லை. நேரம் இருந்தால் மூன்றே மூன்று. கிடியன் (1963): புளோரிடாவில் வழக்கறிஞர் வைக்க வசதியில்லாமல் தண்டிக்கப்பட்ட ஒருவர் சிறையிலிருந்து பென்சிலால் எழுதிய மனு, மறுவிசாரணையில் அவர் விடுதலையானார். டின்கர் (1969): வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை அணிந்து பள்ளிக்குப் போன மாணவர்கள், அவர்களில் ஒருத்திக்கு 13 வயது. லோபஸ் (1995): சான் அன்டோனியோவில் பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டு போன பன்னிரண்டாம் வகுப்பு மாணவர். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. அதில் நடந்தது என்ன, அரசமைப்புச் சட்டத்தின் எந்த விதி, தீர்ப்பு என்ன, காரணம் என்ன என்று நான்கே வரிகள். பிள்ளைகள் இரண்டாவது வரியில்தான் வழுக்குகிறார்கள். லோபஸ் வழக்கு துப்பாக்கியைப் பற்றியது, ஆகவே இரண்டாம் திருத்தம் என்று எழுதிவிடுவார்கள். அது தவறு. பள்ளி வளாகத்தில் துப்பாக்கியைத் தடை செய்ய, மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் காங்கிரஸ் பயன்படுத்தலாமா என்பதே அங்கே கேள்வி. பயன்படுத்த முடியாது என்று 5–4 என்ற கணக்கில் தீர்ப்பானது. அவள் வட்டமிட்டு வைத்த எட்டாம் உட்பிரிவுதான் மறுபடியும். இரண்டாம் திருத்தத்தைப் பற்றிய கட்டாய வழக்கு மெக்டொனால்ட் எதிர் சிகாகோ (2010). ஓயஸ் தளத்தில் வழக்குச் சுருக்கங்களோடு நீதிமன்ற வாதங்களின் ஒலிப்பதிவும் உண்டு. கிடியன் வழக்கின் வாதத்தை விமானத்தில் கேட்டுக்கொண்டே வரலாம்.

செய்திக் குறிப்புகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தலையங்கத்தைத் தவிர்த்து, அரசின் ஓர் அங்கம் ஏதோ ஒன்றைச் செய்த செய்தியைத் தேர்ந்தெடுக்கட்டும்: ஒரு மசோதா, ஒரு நிர்வாக ஆணை, ஒரு தீர்ப்பு. அந்த அதிகாரம் அரசமைப்புச் சட்டத்தின் எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதே குறிப்பின் முதல் வரி. ஐந்தில் ஒன்றையாவது வரைபடம் உள்ள செய்தியாக எடுத்தால், வரைபட வினாவுக்கும் பழக்கமாகும்.

உங்களால் என்ன உதவ முடியும் என்று கேட்டிருந்தீர்கள். இந்நாட்டு அரசியல் தெரியாது என்பதையே ஒரு வசதியாகப் பயன்படுத்தலாம். உங்களுக்கு இந்திய ஏற்பாடு தெரியும். அதை அவளிடம் சொல்லிவிட்டு, ‘இங்கே எப்படி?’ என்று கேளுங்கள். 1999-இல் ஒரே வாக்கு வித்தியாசத்தில் வாஜ்பாய் அரசு கவிழ்ந்தது உங்கள் கணவருக்கு நினைவிருக்கும். காங்கிரஸில் பெரும்பான்மை இல்லாத அமெரிக்க அதிபர் ஏன் கவிழ்வதில்லை என்று கேட்கட்டும். தமிழ்நாட்டுக்கு மாநிலங்களவையில் 18 இடம், உத்தரப் பிரதேசத்துக்கு 31, சிக்கிமுக்கு ஒன்று, இங்கோ 5.8 லட்சம் மக்கள் உள்ள வயோமிங்குக்கும் ஏறக்குறைய 4 கோடி மக்கள் உள்ள கலிஃபோர்னியாவுக்கும் செனட்டில் ஆளுக்கு இரண்டு. மாநிலங்களவை உறுப்பினர்களை எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கும் முறை, 1913-இல் 17-வது திருத்தம் வருவதற்கு முந்தைய செனட்டை ஒத்திருக்கிறது. இந்தியாவில் பட்டியலில் சொல்லப்படாத அதிகாரம் மத்திய அரசுக்கு. இங்கே பத்தாம் திருத்தத்தின்படி மாநிலங்களுக்கோ மக்களுக்கோ.

எல்லாவற்றையும்விட, தொகுதி மறுவரையறையைப் பேசுங்கள். மக்களவையில் மாநிலங்களின் இடங்கள் 1971 கணக்கெடுப்பின் அடிப்படையில் உறைய வைக்கப்பட்டதும், அதை மாற்றினால் மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் இழக்குமே என்று தமிழ்நாட்டில் எழுந்த விவாதமும் கும்பகோணத்தில் அவளுடைய தாத்தாவுக்கே நன்றாகத் தெரிந்திருக்கும். இங்கே பிரதிநிதிகள் சபையின் 435 இடங்கள் பத்தாண்டுக்கு ஒரு முறை மறுபடி பங்கிடப்படுகின்றன. 2020-க்குப் பிறகு டெக்சாஸ் இரண்டு இடம் பெற்றது, கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் ஆளுக்கு ஒன்றை இழந்தன. டென்னசி மாநிலம் தன் சட்டமன்றத் தொகுதிகளை 1901-க்குப் பிறகு மாற்றாமலே வைத்திருந்ததால் எழுந்ததுதான் பேக்கர் எதிர் கார் (1962) வழக்கு. தாத்தாவோடு ஒரு மாலை இதைப் பேசிவிட்டால், அந்த வழக்கைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிராது.

விசாவின் பொருட்டு வீட்டில் அரசியல் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சட்ட ஆலோசனை என் வேலையல்ல; உங்கள் எச்சரிக்கையை நான் குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் எந்தக் கட்சி நல்லது என்று பேசுவது வேறு, எந்த அங்கத்துக்கு எந்த அதிகாரம் என்று பேசுவது வேறு. வகுப்புக்கு வேண்டியது இரண்டாவதுதான். 14-வது திருத்தத்தின் முதல் உட்பிரிவைப் படிக்கும்போது நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். அதிலுள்ள சமச் சட்டப் பாதுகாப்பு குடிமக்களுக்கு மட்டும் உரியதல்ல. ஒரு மாநிலத்தின் ஆட்சி எல்லைக்குள் இருக்கும் எவருக்கும் உரியது. சான் ஃபிரான்சிஸ்கோவில் சலவைக்கூடம் நடத்திய, குடியுரிமை இல்லாத சீனர் ஒருவரின் வழக்கில், 1886-இலேயே உச்ச நீதிமன்றம் இதை ஒருமனதாகச் சொல்லிவிட்டது. யிக் வோ எதிர் ஹாப்கின்ஸ் என்று தேடினால் கிடைக்கும். கட்டாயப் பட்டியலில் இல்லாத வழக்கு, ஆனாலும் உங்கள் வீட்டில் படிக்கத் தகுந்தது.

கால அளவைப் பொறுத்தவரை, புறப்படும் முன் ஜூன் கடைசி வாரத்தில் அரசமைப்புச் சட்டத்தின் மூன்று அமர்வுகளையும் முடித்துவிடட்டும். கும்பகோணத்துக்கு அச்செடுத்த தாள்களை மட்டும் கொண்டு போங்கள்: புரூட்டஸ், 10, 51, எட்டு மதத் தலைவர்களின் அறிக்கை, கிங்கின் கடிதம். வாரத்துக்கு மூன்று நாள், காலையில் ஒரு மணி நேரம் போதும். கல்யாணம், கோயில் என்று அலைகிற ஊரில் அதற்கு மேல் திட்டமிட்டால் ஒன்றும் நடக்காது. செய்திக் குறிப்புகளைத் திரும்பி வந்த பிறகு ஆகஸ்டில் எழுதலாம். செப்டம்பர் விவாதத்துக்கு அப்போதைய செய்திதான் பயன்படும். பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, எந்தத் தாளையும் பார்க்காமல், ‘ஒரு பெரிய நாட்டில் தனிமனித உரிமையைக் காப்பதற்குத் தேசிய அரசு ஏற்றதா, மாநில அரசு ஏற்றதா?’ என்ற கேள்விக்கு நாற்பது நிமிடத்தில் ஒரு விடை எழுதச் சொல்லுங்கள். அதைத் திருத்த வேண்டாம், ஆசிரியருக்கு அனுப்பவும் வேண்டாம். தேதி போட்டு எடுத்து வைத்திருந்து, அதே கேள்வியை ஏப்ரலில் மறுபடி எழுதும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.